பத்து வயது லேப்டாப்புக்கு எஸ்எஸ்டியும் ரேமும் மாற்றுவது எப்படி?

பழைய லேப்டாப் மெதுவாக ஓடினால் எல்லாரும் முதலில் ப்ராசஸர் மேல்தான் பழி போடுவார்கள். பெரும்பாலும் அதன் மேல் தப்பே இருக்காது. 2012-இல் வந்த ஒரு ஐ5 ப்ராசஸருக்கு பிரவுசர், எக்செல், டேலி, ஆன்லைன் வகுப்பு எல்லாவற்றையும் ஓட்டும் தெம்பு இன்றைக்கும் உண்டு. அதைக் காத்திருக்க வைப்பது உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். தேவையான தகவல் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு இன்னொரு பத்து மில்லிசெகண்ட், சில சமயம் அதற்கும் மேல். ஆக, ஒரு செகண்டில் அறுபது எழுபது சின்னக் கோப்புகளைத்தான் அது தேடி எடுத்துத் தர முடியும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கில் கேட்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்பில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லாததால் அதே வேலை சுமார் 0.1 மில்லிசெகண்டில் முடிகிறது. வித்தியாசம் நூறு மடங்குக்கு மேல்.

அதனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் இப்போது பணம் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டி வாங்குங்கள், ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி) அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 2 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு மட்டும் இந்த யோசனை பொருந்தாது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்பகால மாடல்கள் பல அப்படி வந்தவைதான். அவற்றுக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

எது குறைகிறது என்று முதலில் பாருங்கள்

வழக்கமாகச் செய்யும் வேலைகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம். டிஸ்க் 100 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டு, மெமரி பாதியில் நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் தடை. மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேமும் போதவில்லை என்று அர்த்தம். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி வைத்து எடுக்கும்; அதனால் இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் நிற்பதும் சகஜம்.

அதே மெமரி பக்கத்தில் கீழே இன்னொரு தகவல் இருக்கிறது. ரேம் மாட்டும் இடம் (ஸ்லாட்) எத்தனை, அதில் எத்தனை பயன்பாட்டில், என்ன வேகம் என்று போட்டிருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். சில கணினிகளில் இந்த எண்ணிக்கை தப்பாகக் காட்டும், குறிப்பாக ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவற்றில். அதனால் மாடல் எண்ணைக் கீழ்ப்பக்க ஸ்டிக்கரில் பார்த்து, அந்தக் கம்பெனியின் தளத்தில் ஹார்டுவேர் மெயின்டனன்ஸ் மேனுவல் அல்லது சர்வீஸ் மேனுவல் பிடிஎஃப்பை இறக்கிக்கொள்ளுங்கள். லெனோவோ, டெல், எச்பி மூன்றும் பல மாடல்களுக்கு இதை இலவசமாகவே தருகின்றன. எந்த ஸ்க்ரூ எங்கே, எது முதலில் என்று படத்தோடு இருக்கும். யூடியூப் வீடியோவைவிட இதைத்தான் நான் நம்புவேன். வீடியோவில் காட்டுவது பெயர் ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் மாடலாக அமைந்துவிடுவது உண்டு.

மாற்றவே முடியாத கணினிகளும் இருக்கின்றன. மேக்புக் ஏர், திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆகியவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைத்தது. 32 அல்லது 64 ஜிபி இஎம்எம்சி (டிஸ்க்குக்குப் பதிலாக வரும் ஒரு மலிவு சிப்) போட்டு வந்த மலிவு லேப்டாப்புகளில் ஸ்டோரேஜும் அப்படித்தான். திங்க்பேட் டி440 போன்றவை நடுவில்: 4 ஜிபி பற்றவைத்தது, கூடவே ஒரு ஸ்லாட். வாங்கும் முன் இதைப் பார்க்காவிட்டால் பணம் வீண்.

சரியான ரேம் எது?

கடையில் போய் "லேப்டாப் ரேம் 8 ஜிபி" என்று கேட்டால் எதையாவது கொடுப்பார்கள். நீங்கள் தலைமுறையைச் சொல்லிக் கேட்க வேண்டும். டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. லேப்டாப் டிடிஆர்3-க்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260 பின். நடுவில் உள்ள வெட்டும் வேறு இடத்தில். அழுத்தி நுழைக்கப் பார்த்தால் ஸ்லாட் உடையும்.

டிடிஆர்3-இல் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. சாதா டிடிஆர்3 1.5 வோல்ட்டில் ஓடும். டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், வெட்டும் ஒரே இடத்தில்தான். எல் வகை இரண்டு வோல்ட்டிலும் ஓடும். சாதா வகை 1.35 வோல்ட் மட்டுமே தரும் கணினியில் ஓடாது. இன்டெல் நான்காம் தலைமுறை, அதாவது ஐ5-4200 போல 4-இல் தொடங்கும் எண் உள்ள லேப்டாப்புகளிலிருந்து எல் வகைதான் கேட்கும். எனவே டிடிஆர்3 என்றாலே எல் வகையாகப் பார்த்து வாங்கிவிடுங்கள். பழையதிலும் ஓடும், அடுத்ததிலும் ஓடும்.

ரேம் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ் என்று இருந்தால்: அளவு 4 ஜிபி, பிசி3எல் என்றால் டிடிஆர்3எல், 12800 என்றால் 1600 மெகாஹெர்ட்ஸ் வேகம், கடைசி எஸ் லேப்டாப்புக்கான சின்ன அளவு. அந்தப் பெரிய எண்ணை எட்டால் வகுத்தால் வேகம் வரும். பிசி4-19200 என்றால் 2400. வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு வேகத்தில் ரேம் போட்டால் பொதுவாக இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓடும், அவ்வளவுதான்.

எவ்வளவு போடுவது? என்னைக் கேட்டால் பெரும்பாலானோருக்கு 8 ஜிபி போதும். போட்டோஷாப், விர்ச்சுவல் மெஷின், கோடிங் என்று போகிறவர்களுக்கு 16. இரண்டு ஸ்லாட் இருந்தால் ஒரே 8 ஜிபியைவிட நான்கும் நான்குமாகப் போடுவது நல்லது. இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தகவல் போகும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினி ரேமிலிருந்தே கடன் வாங்குவதால் அங்கே வித்தியாசம் நன்றாகவே தெரியும். 32-பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேல் அதற்குக் கண்ணே தெரியாது. 64-பிட்டுக்கு மாற வேண்டும். கோர் 2 டுவோ காலத்துக் கணினிகளுக்கு உச்சவரம்பு பொதுவாக 4 அல்லது 8 ஜிபிதான். அவற்றில் ரேமுக்குச் செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன்.

2025 கடைசியிலிருந்து மெமரி விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செகண்ட் ஹேண்ட் ரேம் வாங்கத் தயங்க வேண்டாம். அதில் தேயும் பாகம் கிடையாது, நல்ல ரேம் வருடக்கணக்கில் ஓடும். சென்னை ரிச்சி தெருவோ கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவோ, லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து, மாற்றித் தருவதாகச் சொன்னால் வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் எஸ்எஸ்டி மட்டும் வேண்டாம். அது எழுத எழுத ஆயுள் குறையும் பொருள். முன்பு யார் எவ்வளவு எழுதினார்களோ?

எஸ்எஸ்டி வாங்கும்போது

ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் போவது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. சாட்டா என்பது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் முறை. இப்போது வருவதெல்லாம் 7 மில்லிமீட்டர் கனம். பழைய இடம் 9.5 மில்லிமீட்டராக இருந்தால் உள்ளே ஆடும். மேலே ஒட்ட ஒரு பிளாஸ்டிக் சட்டம் வாங்கிக்கொள்ளுங்கள். சாட்டா 3 உள்ள கணினியில் செகண்டுக்கு 500 எம்பிக்கு மேல் வரும். அதற்கு முந்தைய சாட்டா 2-வில் பாதிதான் வரும். அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். கணினி விறுவிறுப்பாக இருப்பதற்குக் காரணம் அந்த 0.1 மில்லிசெகண்ட். அது சாட்டா 2-விலும் அப்படியே கிடைக்கும்.

2015-ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும் வந்த பல மாடல்களில் எம்.2 ஸ்லாட் இருக்கும். சூயிங் கம் பட்டை மாதிரி நீளமாக ஒரு கார்டு அதில் போகும். இங்கே கவனம் வேண்டும்: ஒரே வடிவத்தில் சாட்டா, அதைவிட வேகமான இணைப்பு முறையான என்விஎம்இ என்று இரண்டு ஜாதி உண்டு. கணினி சாட்டா மட்டும் ஏற்றால் என்விஎம்இ கார்டு உள்ளே போனாலும் தெரியாது. நீளமும் 2242, 2280 என்று மாறும். கடைசி இரண்டு இலக்கம் மில்லிமீட்டரில் நீளம். சர்வீஸ் மேனுவல் இதைச் சொல்லும்.

500 ஜிபி ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தவர்கள் நிறையப் பேருக்கு 240 ஜிபி எஸ்எஸ்டியே தாராளம். தெரிந்த பிராண்டாக வாங்குங்கள்: சாம்சங், குரூஷியல், வெஸ்டர்ன் டிஜிட்டல், கிங்ஸ்டன். அசாதாரண மலிவில் 2 டிபி என்று ஆன்லைனில் வருவது பெரும்பாலும் போலி. வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஒருமுறை ஓட்டுங்கள். முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும்.

திறக்கும் முன் பேக்கப்

போட்டோ, ஆவணம், டேலி டேட்டா எல்லாவற்றையும் வெளியே ஒரு காப்பி எடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழைய டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். காஷன் என்று மஞ்சளில் காட்டினால் வேறு எதையும் தொடாமல் முதலில் முக்கியக் கோப்புகளை வெளியேற்றுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுவதுமாக குளோன் செய்யக் கிளம்பினால் பாதியில் போய்விடலாம். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு, பூட்டை எடுத்துவிடுங்கள்.

இப்போது இரண்டு வழி. இருப்பதை அப்படியே புது எஸ்எஸ்டிக்கு குளோன் செய்யலாம், அல்லது புதிதாக விண்டோஸ் போடலாம். நான் புதிதாகப் போடுவதையே சிபாரிசு செய்வேன். பத்து வருடக் குப்பையைப் புது வீட்டுக்கு ஏன் கொண்டுபோக வேண்டும்? ஆனால் அலுவலகக் கணினியில் டேலி லைசென்ஸ், ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் சிக்னேச்சர், பழைய பிரிண்டர் டிரைவர் என்று பாடுபட்டு அமைத்தவை இருந்தால் குளோன்தான் நிம்மதி. அதற்கு யுஎஸ்பியிலிருந்து சாட்டாவுக்குப் போகும் கேபிள் ஒன்று வேண்டும். எஸ்எஸ்டியை அதில் மாட்டி, எஸ்எஸ்டி கம்பெனி தரும் குளோன் மென்பொருளை ஓட்டுங்கள். புது டிஸ்க் சின்னதாக இருந்தால் பழையதில் நிரம்பியிருக்கும் அளவு அதற்குள் அடங்க வேண்டும்.

புதிதாகப் போடுபவர்களுக்கு 8 ஜிபி பென் டிரைவ் போதும். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் அதைத் தயார் செய்துவிடும். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம்: ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10-இன் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க்கும் ரேமும் மாற்றினால் போகாது. கீ கேட்கும்போது இல்லை என்று சொல்லிவிட்டு, முன்பு இருந்த அதே ஹோம் அல்லது ப்ரோவைத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் எந்த ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) போடுவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸரும். அதற்கு முந்தைய கணினிக்கு, வேலை பிரவுசரிலும் ஆவணங்களிலும்தான் என்றால், லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ்ஸைப் போடுங்கள். 4 ஜிபியிலும் நன்றாக ஓடும். பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வரும்.

கையால் செய்யும் வேலை

உதாரணத்துக்கு லெனோவோ திங்க்பேட் டி430-ஐ எடுத்துக்கொள்வோம். 2012-இல் வந்தது, கம்பெனிகள் கழித்துவிட்டதால் செகண்ட் ஹேண்டில் நிறையப் புழங்குகிறது, கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கணினி கிடையாது.

லேப்டாப்பை ஷட் டவுன் செய்யுங்கள். ஸ்லீப் கூடாது. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து செகண்ட் அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் போய்விடும். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல்களில் மூடியைத் திறந்ததும் முதல் வேலை அதன் கனெக்டரைக் கழற்றுவது. பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ நெம்பவோ வேண்டாம், அப்படியே மூடிவிட்டு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள்.

மர மேஜைதான் சரியான இடம். மெத்தை, பாலியெஸ்டர் துணி மேல் வேண்டாம், நிலைமின்சாரம் சேரும். தொடுவதற்கு முன் ஜன்னல் கம்பி போல ஏதாவது ஒரு பெரிய இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் முனைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாததை வைத்துத் திருகினால் தலை வழுக்கிப் போகும், அப்புறம் எடுக்கவே முடியாது. ஸ்க்ரூக்களை ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்திலேயே வையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல மாடல்களில் இரண்டு மூன்று நீளத்தில் ஸ்க்ரூ இருக்கும். குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய துளையில் நீளமானதைப் போட்டு முறுக்கினால், அது கைவைக்கும் பக்கத்துப் பிளாஸ்டிக்கைத் தள்ளிக் குமிழ் போட்டுவிடும், அல்லது போர்டில் குத்தும்.

டி430-இல் ஹார்ட் டிஸ்க் பக்கவாட்டில் இருக்கிறது. ஒரே ஒரு ஸ்க்ரூ. மூடியைக் கழற்றி, உள்ளே தெரியும் பட்டையைப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். பழைய டிஸ்க்கின் இருபக்கமும் இருக்கும் ரப்பர் தண்டவாளங்களைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாட்டி, அதே பக்கம் மேலாக உள்ளே தள்ளுங்கள். கனெக்டர் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருப்பதால் மெதுவாகத் தள்ளி, பொருந்தியதை விரலில் உணர்ந்த பிறகு கடைசி அழுத்தம் கொடுங்கள்.

ரேமுக்கு ஒரு ஸ்லாட் கீழ்மூடிக்குள். இன்னொன்று கீபோர்டுக்கு அடியில். பலருக்கு இந்த இரண்டாவது ஸ்லாட் இருப்பதே தெரியாது. கீழே கீபோர்டு படம் போட்ட ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, கீபோர்டைத் திரைப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி, உங்கள் பக்கத்து விளிம்பைத் தூக்க வேண்டும். அதன் கேபிள் கீழே போர்டில் மாட்டியிருக்கும், சட்டென்று இழுத்துவிடாதீர்கள்.

ரேமின் இருபுறமும் இரண்டு சின்ன உலோகக் கைகள் பிடித்திருக்கும். இரண்டு கட்டைவிரலாலும் அவற்றை வெளிப்பக்கமாக விலக்குங்கள். ரேம் தானாகவே சாய்வாக எழுந்து நிற்கும். அந்தச் சாய்விலேயே விளிம்பைப் பிடித்து உருவுங்கள். தங்க நிறப் பின்களில் விரல் பட வேண்டாம். புதியதை அதே சாய்வில், வெட்டு பொருந்துமாறு, முழுவதும் நுழைத்துவிடுங்கள். தங்கக் கோடு ஏறக்குறைய மறைந்துவிட வேண்டும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தெரிந்தால் சரியாகப் போகவில்லை. அப்புறம் மேலிருந்து கீழே அழுத்தினால் இருபக்கமும் டக் என்று பூட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் வந்தால் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

மூடி இல்லாத, கீழ்த்தட்டு முழுக்கக் கழற்ற வேண்டிய மாடல்களில் ரப்பர் கால்களுக்கு அடியிலும் டிவிடி டிரைவ் பக்கத்திலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். விளிம்பைப் பிளக்க ஒரு பழைய ஏடிஎம் கார்டு போதும், கத்தி வேண்டாம். ஒரு இடத்தில் பிடிவாதமாக வரவில்லை என்றால் அங்கே இன்னும் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. திறந்த கையோடு விசிறித் தூசியையும் ஒரு பிரஷால் தட்டிவிடுங்கள்.

முதல் தடவை ஆன் செய்யும்போது

எல்லா ஸ்க்ரூவையும் முறுக்குவதற்கு முன்பே ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். ரேம் மாறியதால் முதல் தடவை திரை சில செகண்ட் கறுப்பாகவே இருக்கலாம். பயப்பட வேண்டாம். ஒரு நிமிடம் ஆகியும் ஒன்றும் வராமல், அல்லது பீப் பீப் என்று கத்தினால், மின்சாரத்தை எடுத்துவிட்டு ரேமைத் திரும்பப் பொருத்துங்கள். ஒவ்வொன்றாக மட்டும் போட்டுப் பார்த்தால் கோளாறு ரேமிலா ஸ்லாட்டிலா என்று தெரியும். பழைய ரேமின் பின்கள் மங்கியிருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டுப் போடலாம். நம்ம ஊர் சர்வீஸ்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான், பல சமயம் பலிக்கும்.

டி430-ஐ ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தினால் பயாஸ் (ஓஎஸ்ஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை). ரேம் அளவும் எஸ்எஸ்டி பெயரும் அங்கே தெரிய வேண்டும். புதிதாக ஓஎஸ் போடுவதாக இருந்தால் சாட்டா முறை (டிஸ்க்கோடு கணினி பேசும் விதம்) ஏஎச்சிஐ-யில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எஃப்12-இல் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். குளோன் செய்தவர்கள் அந்த சாட்டா முறையை இருந்தபடியே விடுங்கள். மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும்.

ஓஎஸ் வந்ததும் இரவு தூங்கப் போகும்போது ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ப்ளஸ் என்ற இலவச மென்பொருளை ஓட்டிவிட்டுப் போங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுங்கள். கோளாறுள்ள ரேம் உடனே தெரியாது, மெதுவாக உங்கள் கோப்புகளைக் கெடுக்கும். விண்டோஸில் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் என்று தேடித் திறந்து, எஸ்எஸ்டி என்று அடையாளம் கண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பழைய காலத்து டிஃப்ராக் மென்பொருள் எதையும் இனி ஓட்ட வேண்டாம். எஸ்எஸ்டிக்குத் தேவையான ட்ரிம் வேலையை, அதாவது அழித்த கோப்புகளின் இடம் காலி என்று அதற்குச் சொல்வதை, விண்டோஸே வாராவாரம் பார்த்துக்கொள்ளும்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்யாதீர்கள். ஒரு மாதமாவது அலமாரியில் இருக்கட்டும். ஏதோ ஒரு கோப்பு அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும். அதன் பிறகு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் யுஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கி அதில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அங்கே மாட்ட கேடி என்ற சட்டமும் கிடைக்கிறது. அது 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு கனத்தில் வருவதால், டிவிடி டிரைவை அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.